பிரசவம் பார்த்தவர் பெயர் எந்தப் படிவத்தில் இருக்கிறது?

ஆணா பெண்ணா, எத்தனை கிலோ, நார்மலா ஆபரேஷனா, எந்த டாக்டர் பிரசவம் பார்த்தார்? குழந்தை பார்க்க வருகிற சொந்தக்காரர்களின் கேள்விகள் இந்த வரிசையில்தான் வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நார்மலாகப் பிறந்த குழந்தை என்றால் கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் உண்மையான பதில், "டாக்டர் இல்லை, சிஸ்டர்தான்." வீட்டாருக்கு அதைச் சொல்லத் தயக்கம். வைத்தியத்தில் ஏதோ குறை வைத்துவிட்டார்கள் என்று வந்தவர்கள் நினைத்துவிடுவார்களோ என்று, "டாக்டரம்மா இருந்தாங்க" என்று மழுப்புவார்கள். வட மாவட்டத்துக் கிராமங்களிலும் ஒரு தாலுகா மருத்துவமனையிலும் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். பக்கத்துக் கட்டிலில் பி.பி. பார்த்துக்கொண்டே இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அரசாங்கக் காகிதமே அப்படித்தான் இருக்கிறது. பிறப்பைப் பதிவு செய்கிற படிவம் 1-ன் புள்ளிவிவரப் பகுதியில், பிரசவத்தின்போது கிடைத்த கவனிப்பு பற்றி ஒரு கேள்வி உண்டு. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை, அதற்குப் பிறகு டாக்டர் அல்லது செவிலியர் அல்லது பயிற்சி பெற்ற மருத்துவச்சி, பாரம்பரிய மருத்துவச்சி, உறவினர் என்று விடைகள் போகும். வீட்டில் பிறந்தால்தான் பார்த்த ஆள் யார் என்ற விவரம் வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அரசா தனியாரா என்பதோடு விஷயம் முடிந்தது. தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவமனைப் பிரசவம். ஆக, நம் மாநிலத்தில் பிரசவம் பார்ப்பது கட்டடங்கள்!

கட்டடத்துக்குள் நடப்பது இதுதான். இடுப்பு வலியோடு வந்தவளைப் படுக்கவைத்து, வயிற்றைத் தடவிக் குழந்தையின் தலை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அரை மணிக்கொரு தரம் குழந்தையின் இதயத்துடிப்பு. நாலு மணிக்கொரு தரம் உள்ளே பரிசோதித்து, கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று, பிரசவத்தின் போக்கைக் காட்டும் பார்ட்டோகிராஃப் என்ற வரைபடத் தாளில் குறிக்க வேண்டும். குறித்த கோடு எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தயாராக வேண்டும். தலை தெரிந்துவிட்டால் "இப்ப முக்காதே தாயி, வாயால ஊது" என்று சொல்லிக்கொண்டே, தலை ஒரேயடியாகப் பிதுங்கி வராமல் ஒரு கையால் தடுத்து, மறு கையில் பேடு வைத்துக் கீழே கிழியாமல் தாங்க வேண்டும். தலை வந்ததும் விரலால் கழுத்தைத் தடவிப் பார்ப்போம். கொடி சுற்றியிருந்து, தளர்வாகவும் இருந்தால் தலைக்கு மேலாகக் கழற்றிவிடுவோம். குழந்தை வெளியே வந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு ஆக்ஸிடோசின் 10 யூனிட் ஊசி. அழாத பிள்ளையைத் துடைத்து முதுகைத் தேய்த்துவிட வேண்டும். அதற்கும் மூச்சு வராவிட்டால் ஆம்பு பேக் என்ற பையை அழுத்தி மூச்சு கொடுக்க வேண்டும். நஞ்சு முழுசாக வந்ததா என்று விரித்துப் பார்த்துவிட்டு, அடிவயிற்றில் கை வைத்துப் பார்ப்போம். கர்ப்பப்பை கல்லாக இறுகியிருந்தால் நிம்மதி. மெத்தென்று இருந்தால் ரத்தம் கொட்டப்போகிறது என்று அர்த்தம்.

இதில் எதுவும் டாக்டர் வண்டி எடுத்துக்கொண்டு வந்து சேரும்வரை காத்திருக்காது. தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம் எங்களைப் பதிவு செய்யும்போது செவிலியராக மட்டுமல்ல, பிரசவம் பார்க்கத் தகுதி பெற்ற தாதியாகவும்தான் பதிவு செய்கிறது. அப்படிப் பதிவு செய்வதற்கான சட்டம் 1926-லேயே வந்துவிட்டது.

டாக்டர்கள் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கிளம்பிவிட வேண்டாம். வலிப்பு வந்தவளுக்கும், குறுக்கே கிடக்கிற பிள்ளைக்கும், நிற்காத ரத்தப்போக்குக்கும் சீமாங்க் என்கிற அவசரகாலப் பிரசவ சிகிச்சை மையமும் அங்கே ராத்திரியிலும் ஆபரேஷன் செய்ய ஆளும் இருப்பதால்தான் உயிர்கள் பிழைக்கின்றன. 2018-20 கணக்குப்படி லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் 54 பேர். அதில் டாக்டர்களின் பங்கு பெரியது. எங்கள் பங்கும் உண்டு, அது பிறப்புப் பதிவு ஏட்டில் இல்லை என்பதுதான் என் வழக்கு.

ஏட்டில் இல்லாததால் என்ன கெட்டுப்போயிற்று? சிசேரியன் கணக்கைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தனியாரில் 63.8, அரசில் 36. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் மொத்தமாக 34.1 விழுக்காடுதான். டாக்டர்களின் பணத்தாசை என்பார்கள், பெண்களுக்கு வலி தாங்கத் தெம்பில்லை என்பார்கள், ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரம் என்பார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. யாரும் பேசாத ஒன்று, நார்மல் பிரசவத்துக்குப் பத்து மணி நேரம் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். ஆபரேஷன் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். உட்கார ஆள் இல்லாத வார்டில் கத்தி சீக்கிரம் வெளியே வரும். பார்த்தவர் யார் என்று ஏட்டில் இல்லாததால் அந்த ஆள் பற்றாக்குறையும் கணக்கில் தெரிவதில்லை. போதாக்குறைக்கு, தாய் இறந்தால் நடக்கிற ஆய்வில் ராத்திரி ட்யூட்டி சிஸ்டருக்குத்தான் முதல் மெமோ. அந்தப் பயத்தில், நல்லபடியாகப் பெற்றுவிடக்கூடியவளையும் 108-ல் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள்.

இன்னொரு அசிங்கமும் இருக்கிறது. வலியில் கத்துகிறவளைத் தொடையில் அடிப்பதும், "புருஷன்கூடப் படுக்கும்போது இனிச்சுதா?" என்று கேட்பதும் பிரசவ வார்டுகளில் நடப்பவைதான். எங்கள் ஆட்களே செய்கிறார்கள். ஒரு சிஸ்டருக்கு நாலு பெண்கள் என்பது அதற்குச் சாக்கு ஆகாது. அடித்தவர் யார் என்று எழுதிவைத்திருந்தால் கை ஓங்குவதற்கு முன் யோசிப்பார். பெயர் போட வேண்டும் என்று நான் கேட்பது பாராட்டு விழாவுக்காக மட்டுமில்லை.

பார்த்தவர் யார் என்று பிரித்து எழுதிவைத்ததால் உலகத்துக்கே ஒரு நன்மை கிடைத்த கதை உண்டு. 1840-களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்தார்கள், மற்றதில் மருத்துவச்சிகள். மாணவர்கள் பிரிவில் பிரசவக் காய்ச்சலில் சாகிறவர்கள் மிக அதிகம். இரண்டு பிரிவுக்கும் தனித்தனிக் கணக்கு இருந்ததால் செம்மல்வைஸ் என்ற டாக்டருக்கு அது உறுத்தியது. பிணத்தை அறுத்த கையோடு மாணவர்கள் வார்டுக்கு வருவதுதான் காரணம் என்று 1847-ல் கண்டுபிடித்தார். குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவச் சொன்னார், சாவு குறைந்தது. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்து எழுதியிருந்தால் அவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

2018-ல் ஒன்றிய அரசு தாதியியல் சேவைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. செவிலியர்களுக்குப் பதினெட்டு மாதப் பயிற்சி கொடுத்து, சிக்கலில்லாத பிரசவங்களை அவர்கள் பொறுப்பில் விடுவது திட்டம். தெலங்கானா இதில் முந்திக்கொண்டது. நாம் நல்ல புள்ளிவிவரத்தின் பெருமையிலேயே உட்கார்ந்திருக்கிறோம்.

சுகாதாரத் துறையிடம் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் அல்ல. ஒவ்வொரு பிரசவத்துக்கும் பார்த்தவர் பெயர், பதிவு எண், அந்த நேரத்தில் அவர் பொறுப்பில் எத்தனை பெண்கள் இருந்தார்கள் என்ற மூன்றையும் பதிவேட்டில் ஏற்றுங்கள், டிஸ்சார்ஜ் சீட்டில் அச்சடித்துக் கொடுங்கள். தனியார் நர்சிங்ஹோம்களுக்கும் இதைக் கட்டாயமாக்குங்கள். டாக்டர் பெயரில் பில் போட்டுவிட்டு, பதிவு எண்ணே இல்லாத பெண்களை நிற்கவைக்கிற இடங்கள் அப்போது தானாக வெளியே வரும்.

அதுவரை வாசகர்கள் ஒன்று செய்யலாம். வீட்டுப் பெண்ணைப் பிரசவத்துக்குச் சேர்க்கும் முன், ஏ.சி. ரூம் உண்டா என்று விசாரிக்கிற அதே கவுன்ட்டரில், ராத்திரி ஷிஃப்டில் லேபர் வார்டில் எத்தனை சிஸ்டர்கள், அவர்கள் பதிவு பெற்றவர்களா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள்.