விடையை உடனே போடாதீங்க

மூணு ஆப்பிள், ரெண்டு வாழைப்பழம், கீழே 'ஜீனியஸ்களுக்கு மட்டும்'. மயிலாப்பூர், அடையாறு நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் விடிந்தால் வந்து விழுவது இதுதான். இதைப் புதிர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 8÷2(2+2) என்பது 16ஆ 1ஆ என்று 2019இல் ஊர் உலகமே அடித்துக்கொண்டது. அதில் கணக்கே கிடையாது. எழுதினவன் ஓர் அடைப்புக்குறியை மிச்சம் பிடித்துவிட்டான், அவ்வளவுதான்.

அதைவிட மோசம், நல்ல புதிர் ஒன்று தப்பித்தவறி வந்தால் நடப்பது. ரெண்டே நிமிஷத்தில் ஒரு புண்ணியவான் சாட்ஜிபிடியிடம் வாங்கி விடையை ஒட்டிவிடுவார். குறுக்கெழுத்துக்கும் இதே கதிதான். கேட்டால், 'விடை தெரிஞ்சா சொல்லக்கூடாதா?' கூடாது. நாலு பேர் ராத்திரித் தூக்கத்தைத் தொலைக்கத் தயாராக இருந்தார்கள். அதைப் பிடுங்க உங்களுக்கு என்ன உரிமை?

1912இல் மெட்ராஸ் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த ராமானுஜன், முந்தைய வருஷம் இந்தியக் கணிதக் கழக இதழில் ஒரு கேள்வி போட்டார்:

√(1+2√(1+3√(1+4√(1+…

இப்படியே முடிவில்லாமல் போனால் மதிப்பு என்ன? ஆறு மாதத்துக்கு மேல் ஆகியும் யாரிடமிருந்தும் விடை வரவில்லை. அவ்வளவு நாளும் அவர் வாயைத் திறக்கவில்லை. (நம்ம குழுவாக இருந்தால் 'அட்மின், ஆன்சர் ப்ளீஸ்' என்று அன்று மாலையே நச்சரித்திருப்போம்.) கடைசியில் அவரே சொன்னார்: 3.

ஏன் 3? நான் சொல்ல மாட்டேன். 9 என்பது 1+2×4. அந்த 4ஐ 16இன் வர்க்கமூலமாக எழுதிப் பாருங்கள்.