பி-இ-என் எப்படி ‘பென்’ ஆகும்?

யுகேஜி குழந்தை பள்ளியில் ‘ப்-எ-ன்’ என்று ஒலி கூட்டி ‘பென்’ படிக்கிறது. வீட்டுக்கு வந்தால் நாம் ‘பி-இ-என் சொல்லு’ என்கிறோம். எழுத்துகளின் பெயரை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் ‘பென்’ வராது. குழம்பி நிற்கும் குழந்தைக்கு ‘மக்கு’ப் பட்டம் வேற!

ஃபோனிக்ஸ் புரிய தனி கோர்ஸெல்லாம் வேண்டாம். நம்ம மெய்யெழுத்தே போதும். ‘ப’ இல்லை, ‘ப்’. (‘இப்’ என்று சொல்லும் பழக்கத்தை மட்டும் விட்டுடுங்க.)

ஒலி கூட்டுதா, மனப்பாடமா என்று பார்க்க இங்கிலாந்தில் 2012 முதல் ஒன்றாம் வகுப்பிலேயே 40 சொற்களை வாசிக்கச் சொல்கிறார்கள். பாதிச் சொற்களுக்கு அர்த்தமே கிடையாது.

இங்கே ஃபோனிக்ஸ் என்று விளம்பரம் செய்யும் பள்ளிகள், பெற்றோரையும் ஒருநாள் உட்காரவைத்து அந்த ஒலிகளைச் சொல்லித்தர வேண்டும். அதற்குத் தனி ஃபீஸ் கேட்காமல்!