பயிற்சி அட்டவணையில் இடம்பெறாத மாதவிடாய்

கொச்சி: பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஆகஸ்ட் 7 அன்று மகளிர் 49 கிலோ எடைப்பிரிவில் போட்டியிட்ட பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு, மொத்தம் 199 கிலோ தூக்கி நான்காம் இடம் பெற்றார். வெண்கலம் வென்ற தாய்லாந்து வீராங்கனை தூக்கியது 200 கிலோ. அன்று தமக்கு மாதவிடாயின் மூன்றாம் நாள் என்றும், உடல் சற்றுச் சோர்வாக இருந்தது என்றும் மீராபாய் போட்டிக்குப் பின்னர் தயக்கமின்றித் தெரிவித்தார்.

அந்த ஒரு கிலோ குறைந்ததற்கு மாதவிடாய்தான் காரணம் என்று எவராலும் உறுதியாகக் கூற இயலாது. எனினும், இத்தகைய நாள்களைப் பயிற்சித் திட்டங்கள் முன்கூட்டியே கணக்கில் கொள்கின்றனவா என்ற கேள்வியை அவரது பேச்சு எழுப்பியது.

78 ஆய்வுகளைத் தொகுத்து 2020-ஆம் ஆண்டு வெளியான மதிப்பீடு, உதிரப்போக்கின் தொடக்க நாள்களில் செயல்திறன் மிகச் சிறிதளவே குறைவதாகக் கண்டறிந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றின் தரம் போதாது என்றும், வீராங்கனைக்கேற்பத் தனித்தனியே திட்டமிடுவதே பொருத்தம் என்றும் அது குறிப்பிட்டது. சராசரி சிறியது என்பதால், கடும் வயிற்றுவலியுடன் களத்தில் நிற்பவரின் இழப்பு சிறிதாகிவிடாது.

எடைப்பிரிவு விளையாட்டுகளில் சிக்கல் இன்னும் கூடுதல். மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் சிலருக்கு உடலில் நீர் தேங்கி எடை கூடும்; எடை பார்க்கும் காலையில் அதுவும் கணக்கில் சேரும். மறுபுறம், மாதவிடாய் பல மாதங்கள் வராமல் போவதைக் கடும் பயிற்சியின் இயல்பான விளைவு என்று கருதுவோர் உண்டு. உண்மையில் அது, செலவிடும் ஆற்றலுக்கு ஏற்ற உணவு உடலுக்குக் கிடைக்கவில்லை என்பதற்கான எச்சரிக்கையாக இருக்கலாம். கவனிக்காவிடில் எலும்புகள் வலுவிழக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ஆம் ஆண்டிலேயே இந்நிலை குறித்து எச்சரித்தது.

இங்கிலாந்தின் செல்சி மகளிர் கால்பந்து அணி, வீராங்கனைகளின் சுழற்சியைச் செயலி வாயிலாகப் பதிவு செய்து பயிற்சியை அமைத்துக்கொண்டது 2020-இல் செய்தியானது.

கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2023 ஜனவரியில் மாணவியருக்கு மாதவிடாயை முன்னிட்டு வருகைப்பதிவில் 2 சதவீதத் தளர்வு அளித்தது. அதே மாதத்தில் கேரள அரசு அதனைப் பிற பல்கலைக்கழகங்களுக்கும் விரிவுபடுத்தியது. ஆனால் அது வகுப்பறைக்கான தளர்வு, அதிகாலை ஓடுகளத்திற்கானதன்று. மேலும், வீராங்கனைக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் விடுப்பன்று. தேதிகளின் பதிவும், அதற்கேற்ப மாற்றக்கூடிய பயிற்சிச் சுமையுமே. அப்பதிவு அணித் தேர்வாளர் கைக்குச் சென்றால் வாய்ப்புப் பறிபோகுமோ என்ற அச்சம் எழுவது இயல்பு. ஆகவே, அது மருத்துவரிடமும் வீராங்கனை நம்பும் பயிற்சியாளரிடமும் மட்டுமே இருக்க வேண்டும்.