ஆறு மேலே, வயல் கீழே

“கொட்டுகிற மழையில் யாராவது படகில் போவார்களா?” என்று கேட்டார் என் கணவர்.

“மழை விடட்டும் என்று காத்திருந்தால் ஓணம் வரையில் வீட்டுக்குள்ளேதான் இருக்க வேண்டும், அண்ணா!” என்று சிரித்தாள் என் நாத்தனார். அவளுக்கு வாழ்க்கைப்பட்ட ஊர் ஆலப்புழை. நமது ஆடி மாதம் அங்கே கர்க்கடகம். வெயிலைக் காட்டி ஏமாற்றிவிட்டுத் திடீரென்று கொட்டுமாம். அதனால் ‘கள்ளக் கர்க்கடகம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்!

கட்டுச்சாதமும் குடைகளுமாகக் காவாலத்துக்குப் போகும் சர்க்கார் படகில் ஏறினோம். நமக்கு டவுன் பஸ் எப்படியோ, குட்டநாட்டுக்கு இந்தப் படகு அப்படி. கண்டக்டர் மணி அடித்ததும் துறையில் நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும், கறிகாய்ப் பை சுமந்த பெண்களும் ஏறுகிறார்கள். மறுபடி மணி, மறுபடி பயணம். சாரல் அடித்தால் படுதாவை இறக்கிவிடுகிறார்கள். நெடுமுடியை நெருங்கும்போது மழை சற்று ஓய்ந்து, பம்பை நதி பழுப்பு நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது.

“அம்மா! ஆறு மேலே இருக்கு, வயல் கீழே இருக்கு!” என்று கூவினாள் என் பெண்.

எட்டிப் பார்த்தேன். நிஜந்தான்! கரைக்கு அப்பால் நெற்பயிர் எங்கள் காலுக்கும் கீழே பச்சைப் பாய் விரித்திருந்தது. கடல் மட்டத்தைவிடச் சில இடங்களில் சுமார் 2 மீட்டர் தாழ்ந்த பூமி அது. சேற்றை வாரி வரப்பெழுப்பி, உள்ளேயிருக்கும் நீரை வெளியே இறைத்துவிட்டு நெல் விதைக்கிறார்கள். அந்தக் காலத்தில் சக்கரத்தைக் காலால் மிதித்தே இறைத்தார்களாம். பிறகு ‘பெட்டியும் பறையும்’ என்ற மரப் பம்பு வந்தது. இந்த விவசாயத்தின் அருமையை மெச்சி, 2013-ஆம் ஆண்டில் ஐ.நா.வின் உணவு விவசாய ஸ்தாபனம் இதை உலகப் பாரம்பரிய விவசாய முறைகளில் ஒன்றாகச் சேர்த்தது.

என் பக்கத்தில் இரண்டு குடம் குடிதண்ணீருடன் ஒரு சேச்சி உட்கார்ந்திருந்தாள். “சுற்றிலும் தண்ணீர்தானே, இது எதற்கு?” என்று கேட்டேன். அவளுடைய மலையாளமும் என் தமிழும் பாதி வழியில் சந்தித்துக்கொண்டன.

“எல்லாம் தண்ணீர்தான், குடிக்கத்தான் ஆகாது” என்றாள். கோடையில் கடல் உப்பு ஏறுகிறது. மற்ற நாளில் வயல் மருந்தும் ஊர்க் கழிவும் கலக்கின்றன.

“இப்படிப் பெய்கிறதே, பயமாக இல்லையா?”

“இங்கே பெய்தால் பயமில்லை, அம்மா. கிழக்கே மலையில் பெய்தால்தான் பயம்” என்றாள். மலையில் கொட்டிய மழை ஆறுகளின் வழியே மொத்தமாக வந்து இறங்குவதைக் ‘கிழக்கன் வெள்ளம்’ என்கிறார்கள். வரப்பு உடைந்தால் பயிரும் வீடும் ஒன்றாக முழுகும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் குட்டநாட்டு ஜனங்களில் பெரும்பாலோரைப் படகுகளில் ஏற்றி வெளியேற்றினார்கள். அவளும் போனவள்தான்.

“திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்தீர்கள்?”

“அடுப்பு எங்கே என்று தேடினேன். சேற்றுக்குள் இருந்தது. பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்க வேண்டாமா?”

அடுத்த துறையில் அவள் இறங்கினாள். ஒரு குடம் இடுப்பில், ஒரு குடம் கையில். வரப்பின் மேல் நடந்து, ஆற்றைவிடத் தாழ்ந்திருந்த தன் வீட்டுக்குள் படியிறங்கிப் போனாள். அதுவரை ‘என்ன அழகு, என்ன அழகு!’ என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். அப்புறம் சொல்ல வாய் வரவில்லை.

சகோதரிகளே, நீங்களும் ஒரு நாள் போய் வாருங்கள். தனிப் படகு அமர்த்திக்கொள்வதைவிடச் சர்க்கார் படகில் போனால் அந்த ஊர்ப் பெண்களோடு பேசலாம். மாற்றுச் சேலையும், மறக்காமல் குடிதண்ணீரும் கொண்டு போங்கள்.

அன்று இரவு ஆலப்புழையில் வானம் வெளுத்து நட்சத்திரம் தெரிந்தது. “அப்பாடா, மழை விட்டது!” என்றார் என் கணவர். நான் வாசலுக்குப் போய்க் கிழக்கே பார்த்தேன். அங்கே மின்னிக்கொண்டிருந்தது.