ரேமைக் கூட்டுவது வைத்தியம் ஆகாது

டேட்டாபேஸ் திணறுகிறதா? ரேமைக் கூட்டு, செட்டிங்கில் எண்ணை ஏற்று. கல்பாக்கத்திலிருந்து சிறுசேரிக்கும் சோழிங்கநல்லூருக்கும் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் அங்கே முதலில் கேட்கும் பாடம் இது. சீனியர் சொல்கிறார், ஜூனியர் நம்புகிறார், யாரும் அளந்து பார்ப்பதில்லை. இந்த நம்பிக்கை, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரையே சாய்த்துவிடும்.

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸை எடுத்துக்கொள்வோம். அதில் தரவை ரேமில் வைத்துக்கொள்ளும் ‘ஷேர்டு பஃபர்ஸ்’ வழக்கமாக 128 எம்பிதான். அது குறைவு, ஏற்றத்தான் வேண்டும். ஆனால் மொத்த ரேமில் கால் பங்கில் தொடங்கச் சொல்லும் அதன் கையேடே, 40 சதவீதத்தைத் தாண்டினால் கூடுதல் பலன் கிடைப்பது அரிது என்கிறது. காரணம், லினக்ஸும் அதே தரவைத் தன் கேஷில் வைத்திருக்கிறது. முக்கால் பங்கை டேட்டாபேஸ் வளைத்துக்கொண்டால் அந்தக் கேஷ் சுருங்கிப்போகும்.

சார்ட் (வரிசைப்படுத்தல்) போன்ற வேலைகளுக்கான ‘வொர்க் மெம்’ இன்னும் ஆபத்து. 4 எம்பியாக இருப்பதை 256 ஆக்குகிறவர்கள், சர்வர் முழுவதற்கும் சேர்த்த கணக்கு அது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் ஒவ்வொரு சார்ட்டும் தனித்தனியே அந்த அளவுவரை எடுத்துக்கொள்ளலாம். 100 இணைப்புகள் ஆளுக்கொரு பெரிய சார்ட் செய்தாலே 25 ஜிபி. 16 ஜிபி சர்வரில் இடமில்லாமல் லினக்ஸ் ஒரு ப்ராசஸைக் கொல்லும். அது போஸ்ட்கிரெஸ் இணைப்பாக இருந்தால், பொது நினைவகம் கெட்டிருக்கலாம் என்று மற்ற எல்லா இணைப்புகளையும் போஸ்ட்கிரெஸ் துண்டித்துவிடும். ஒருவருடைய அறிக்கை வேகமாக வரவேண்டும் என்று செய்த மாற்றத்தால் அத்தனை பேரின் வேலையும் நின்றுபோகும்.

கேஷ் பெருத்தால் நல்லதுதானே என்பவர்கள் மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸின் கதையைப் பார்க்கட்டும். அதன் ‘குவெரி கேஷ்’, ஒரு டேபிளில் ஒரு வரி மாறினாலும் அந்த டேபிள் சார்ந்த சேமிப்பை எல்லாம் வீசியெறிந்தது. பல கோர்கள் உள்ள சர்வர்களில் அதன் பூட்டுக்காகவே வேலைகள் வரிசையில் நின்றன. 2018இல் வந்த 8.0 பதிப்பில் அதை அடியோடு நீக்கிவிட்டார்கள்.

பெரும்பாலும் நோய் வேறிடத்தில் இருக்கிறது. தாமதமாகும் குவெரியை ‘எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ்’ போட்டுப் பாருங்கள். சில வரிகளுக்காக முழு டேபிளையும் படிக்கிறதென்றால் தேவை இண்டெக்ஸ். சார்ட் டிஸ்கில் வழிகிறதென்றால் அந்த ஒரு செஷனுக்கு மட்டும் ‘வொர்க் மெம்’மை ஏற்றுங்கள்.

கல்பாக்கத்தின் வேக ஈனுலைச் சோதனை உலை இயங்கத் தொடங்கியது 1985இல். வடிவமைப்புத் திறனான 40 மெகாவாட் வெப்பத்திறனை எட்டியது 2022இல். அதுவரை அதன் திறனைப் படிப்படியாகத்தான் உயர்த்தினார்கள். அந்த ஒழுக்கம் சர்வருக்கும் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றுங்கள், முன்னும் பின்னும் அளந்து எழுதிவையுங்கள். அளவில்லாமல் எண்ணைக் கூட்டச் சொல்பவர் சீனியராகவே இருந்தாலும் ஆதாரம் கேளுங்கள்.