கடைசியாகத் தொட்ட கை



இந்த மாதம் பழுதாகிப்போன ஒரு கணினியைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். "எங்கட வீட்டிலை அது இல்லை, எங்களுக்கேன் இந்தக் கதை" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது ஒரு பெண்ணின் கையைப் பற்றிய கதையுந்தான்.

கிளிநொச்சி மாவட்டத்தில் நான் அடிக்கடி போய்வரும் மாதர் சங்கம் ஒன்று இருக்கிறது. அங்கத்தவர்களிற் பலர் போரிலே கணவனை இழந்தவர்கள். சிலர் கணவன் எங்கே என்று தெரியாமலே வாழ்பவர்கள். சேமிப்புக் கணக்கு, சுழற்சிக் கடன், பிள்ளைகளின் படிப்புதவி விண்ணப்பங்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்ப விபரங்கள் எல்லாவற்றையும் அங்கே ஒரு பழைய மேசைக் கணினியில்தான் பதிந்து வைத்திருந்தார்கள். பதிபவர் நாற்பத்தைந்து வயதுள்ள ஓர் அக்கா. 2009இல் கணவனை இழந்தவர். தைத்தே இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். சங்கத்தில் நடந்த பயிற்சியில் தட்டெழுதப் பழகி, மாதம் ஒரு சிறிய கொடுப்பனவுக்கு அந்த வேலையைச் செய்து வந்தார்.

சோளகக் காற்று புழுதியை வாரி இறைக்கும் ஆடி மாதத்தில் கணினி குழப்படி செய்யத் தொடங்கியது. ஒரு மணித்தியாலம் வேலை செய்தால் தானாக நின்றுவிடும். பிறகு அரை மணித்தியாலம். பிறகு பத்து நிமிடம். ஒருநாள் காலை சுவிட்சைப் போட்டபோது உள்ளே ஃபான் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. 'பீப், பீப்' என்று விடாமல் கத்தியது. திரை கறுப்பாகவே இருந்தது.

பட்டணத்துக் கடையொன்றுக்கு ரெலிபோன் எடுத்தார்கள். பெட்டியைப் பார்க்காமலே, "மதர்போட் போயிட்டுது, புதுசு வாங்குங்கோ" என்று பதில் வந்தது. புதிதாக வாங்கச் சங்கத்திடம் ஏது பணம்? அதன்பிறகுதான் பேச்சுத் தொடங்கியது. "கடைசியா ஆர் தொட்டது?" என்று ஒருவர் கேட்டார். "அவவின்ரை கை பட்டு எதுதான் உருப்பட்டது?" என்று இன்னொருவர் சொன்னாராம். சொன்னவரும் கணவனை இழந்த பெண்தான். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

நான் போன அன்று அக்கா சங்கத்துக்கு வரவில்லை. நாலு நாளாக வரவில்லை என்றார்கள். வீட்டுக்குப் போனேன். தையல் மெசினுக்கு முன்னால் சும்மா இருந்தார்.

"மிஸ், நான் பெயரைத்தான் அடிச்சனான். படக்கெண்டு நிண்டிட்டுது. மூண்டு வருசக் கணக்கு அதுக்குள்ளை கிடக்கு. சனத்தின்ரை காசு மிஸ். என்ரை கை ராசியில்லாத கை எண்டு சொல்லுகினம். உண்மையோ எண்டு எனக்கே யோசனையாக் கிடக்கு."

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில், 'பாதிக்கப்பட்டவரையே குற்றஞ்சாட்டுதல்' என்று ஒரு விடயம் படித்தோம். வில்லியம் ரையன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1971இல் அந்தத் தலைப்பிலேயே ஒரு நூல் எழுதினார். வறுமையை உண்டாக்கும் நிலைமைகளை விட்டுவிட்டு வறியவரிலேயே குறை காணும் பழக்கத்தைப் பற்றியது அது. பரீட்சைக்காக நான் மனப்பாடம் செய்த பாடம், அன்று அந்த அக்காவின் உருவத்தில் என் முன்னால் இருந்தது. ஆறுதல் வார்த்தை அவருக்கு உதவாது என்று பட்டது. பழுது எங்கே என்று கண்டுபிடித்தால்தான் அவருடைய கை பழியிலிருந்து தப்பும்.

"அக்கா, உங்கட மெசின் நூலை அறுத்தால் என்ன செய்வியள்?"

"முதல் ஊசியை மாத்துவன். பிறகு நூலை. பிறகு இறுக்கத்தைப் பாப்பன். பொபினுக்குள்ளை பஞ்சு அடைச்சிருந்தால் தட்டுவன்."

"எல்லாத்தையும் ஒரே நேரத்திலை மாத்துவியளோ?"

"அப்பிடி மாத்தினால் எதாலை அறுத்ததெண்டு தெரியாதே, மிஸ்."

"கணினிக்கும் அதுதான் வழியாம். வெளிக்கிடுங்கோ."

எனக்குக் கணினி திருத்தத் தெரியாது. எங்கள் அலுவலகத்தில் கணினி வேலை பார்க்கும் தம்பி போனில் சொல்லச் சொல்ல, நான் கேட்டுச் சொன்னேன். ஸ்க்ரூட்ரைவரைப் பிடித்தது அக்காதான்.

முதலில் மின்சாரம். சுவர் பிளக்கில் மேசை விளக்கைக் கொளுவினோம், எரிந்தது. அதே விளக்கை யூ.பி.எஸ்.இல் கொளுவி, சுவர் பிளக்கைக் கழற்றினோம். உடனே அணைந்தது. பற்றரி எப்போதோ செத்துவிட்டது. 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரைகூட மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களிலும் இந்த யூ.பி.எஸ்.ஐத்தான் நம்பியிருந்தார்கள். பற்றரி செத்தபின் ஒவ்வொரு மின்தடையும் கணினிக்கு ஓர் அடிதான்.

அடுத்தது பெட்டியைத் திறப்பது. மின் வயரைக் கழற்றி, சுவிட்சைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தோம். மிச்சமிருக்கும் மின் அதனால் வெளியேறும். எங்கள் உடம்பிலுள்ள நிலைமின்னும் நுண்ணிய பாகங்களைப் பழுதாக்கும் என்பதால், பெட்டியின் இரும்பைத் தொட்டுத் தொட்டு வேலை செய்தோம். பவர் சப்ளை என்ற உட்பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். வயரைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின் தங்கியிருக்கும்.

மூடியைத் தூக்கியதும் அக்கா என்னைப் பார்த்தார். "மிஸ், பஞ்சடைச்ச பொபின் மாதிரியெல்லோ கிடக்கு!"

புரொசசரின் மேலிருக்கும் ஃபானைப் புழுதி கம்பளிபோல மூடியிருந்தது. சூடு அளவுக்கு மீறினால் கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே நின்றுவிடும். இவ்வளவு நாளும் அது அடிக்கடி நின்றதற்கு அதுதான் காரணம். ஃபான் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த பெயின்ற் பிறஸ்ஸால் அக்கா புழுதியைத் தட்டினார். மதர்போட்டில் நிற்கும் கெப்பாசிட்டர் என்னும் சிறு உருளைகளின் தலை வீங்கியிருக்கிறதா, கபில நிறமாக ஏதும் கசிந்திருக்கிறதா என்று தம்பி பார்க்கச் சொன்னார். எல்லாம் தட்டையாகவே இருந்தன. கடையில் சொன்னது சரிதானா என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது.

பீப் சத்தத்தின் கணக்கு கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். ஆனாலும் விடாமல் கத்தினால் முதலில் றாம் எனப்படும் நினைவகத்தைப் பார்ப்பது வழக்கமாம். இரு பக்கப் பிடிகளையும் விலக்கி அந்தச் சிறு பலகையை எடுத்தோம். அதன் பொன்னிறப் பற்கள் மங்கிக் கிடந்தன. மகளின் அழிறப்பரால் அவற்றை மெல்லத் தேய்த்து, தூளைத் துடைத்து, பிடி 'டிக்' என்று பூட்டும்வரை அக்கா திரும்ப அழுத்தினார்.

"சுவிட்சை நீங்கள் போடுங்கோ மிஸ்."

"இல்லை அக்கா. நீங்கள்தான் போடவேணும்."

போட்டார். ஒரேயொரு பீப். திரை வெளிச்சமானது. திகதி மட்டும் பல வருடம் பின்னுக்கு நின்றது. மதர்போட்டில் சில்லறைக் காசு போலிருக்கும் பற்றரி தீர்ந்ததன் அடையாளம் அது. 2032 என்ற இலக்கமுள்ள அந்தப் பற்றரி மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். அடுத்த நாள் மாற்றினோம்.

சந்தோசத்தில் அக்கா உடனே விட்ட இடத்திலிருந்து பதியப் போனார். "முதல் கணக்கு எல்லாத்தையும் கொப்பி எடுங்கோ, பிறகு வேலை செய்யலாம்" என்றார் தம்பி. திருத்திய கணினி திரும்பவும் எப்போது நிற்குமென்று யாருக்குத் தெரியும்?

சகோதரிகளே, இடம்பெயர்ந்து ஓடியபோது நாங்கள் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்? அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி. சொப்பிங் பையில் சுற்றிப் பதுங்குகுழிக்குள்ளும் அதைக் கூடவே வைத்திருந்தோம். வீடு போனது, பை தப்பியது. அந்தப் பையால் எத்தனை பேர் தம் காணியை மீட்டார்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள்! கணினியும் வீடு போலத்தான். உள்ளே இருக்கும் கணக்கும் பெயர்களுந்தான் அந்தப் பை. ஒரு பிரதியைப் பென் ட்ரைவிலும், இன்னொன்றை வெளி ஹாட் டிஸ்க்கிலும் எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் பூட்டி வையுங்கள்.

இன்னும் சில விடயங்கள். திரை வெளிச்சமாகியும் கணினி மேலே போகாமல் நின்றால், பென் ட்ரைவ் ஏதும் செருகியபடி இருக்கிறதா என்று பாருங்கள். அதிலிருந்து தொடங்கப் பார்த்து நிற்பதும் உண்டு. ஹாட் டிஸ்க்கில் 'டிக் டிக்' என்று தட்டும் சத்தம் கேட்டால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காமல் நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு முயற்சியும் உள்ளிருப்பதை அழிக்கக்கூடும். கடையில் 'ஃபோர்மட்' செய்வோம் என்றால், பிரதி எடுக்குமுன் சம்மதிக்க வேண்டாம். உள்ளே இருப்பவை எங்களை நம்பிச் சொன்ன பெண்களின் விபரங்கள். ஆகவே ஹாட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு பெட்டியைக் கொடுங்கள், அல்லது பக்கத்தில் ஒருவர் கதிரை போட்டு இருங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமின்னல் நேரம் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்த கூட்டத்தில், தட்டியெடுத்த புழுதியை ஒரு கடதாசியில் வைத்து அக்கா எல்லோருக்கும் காட்டினார். "இதுதான் நிப்பாட்டினது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கை ராசியைப் பற்றிக் கதைத்தவர் எழும்பி அருகில் வந்து, "எனக்கும் உந்தப் பெட்டியைத் திறக்கக் காட்டித் தாவன்" என்றார். இப்போது இரண்டு பேருக்கு அந்த வேலை தெரியும்.

எங்கள் ஊர்களில் பயிர் கருகினாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், கலியாணம் குழம்பினாலும், கடைசியாக எதிரே வந்த பெண்ணைத் தேடுகிறோம். பெரும்பாலும் அவள் ஏற்கெனவே நிறைய இழந்தவளாக இருப்பாள். அடுத்த முறை, யார் தொட்டது என்று கேட்குமுன் மூடியைத் திறந்து பாருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.