கயிற்றைப் பிடித்திருப்போர்

மாதம் பிறந்ததும், வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்தையும் எண்ணுவதற்கு முன்னரே, ஊரிலுள்ள பெற்றோருக்கென்று ஒரு தொகையை எடுத்து வைப்பது ஊரை விட்டு வந்த நம்மவர் பலரின் வழக்கம். வெளியூர் சென்றவன் வீட்டுக்குப் பணம் அனுப்புவான் என்பது உலகம் அறிந்த முறை. இதற்கு நேர்மாறாக, சென்றவனுக்கு வீட்டிலுள்ளோர் பணம் அனுப்பும் முறையும் ஒன்று உண்டு. கடல் கடந்து சமயத் தொண்டு செய்யச் செல்லும் கிறிஸ்தவ ஊழியர்களின் வாழ்க்கை அத்தகையது. பிறர் உழைத்து ஈட்டியதைக் கொண்டு அவர்கள் அயல்நாட்டில் வாழ வேண்டும்.

அப்படிச் செல்பவர் புறப்படுமுன் தம்மை எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும்? எவரிடம் கை நீட்டலாம்? கொடுத்தவர்களுக்கு அவர் பட்ட கடன் யாது? இத்திங்கள் இவ்வினாக்களை எண்ணிப் பார்ப்போம். வாசக அன்பர்களுள் பல சமயத்தாரும் உளர். எனினும் பொதுமக்கள் மனமுவந்து அளிக்கும் பணத்தை நம்பி ஒரு காரியத்தில் இறங்கும் எவருக்கும் இது பயன்படும். நம் சங்கங்களும் சந்தாப் பணத்தில் நடப்பவையே அல்லவா?

இதற்கு எடுத்துக்காட்டாக வில்லியம் கேரியின் வரலாற்றை விடச் சிறந்தது கிடைப்பது அரிது. வங்காளத்தில் வாழும் தமிழன்பர்கள் செராம்பூருக்குச் சென்று, ஹூக்ளி நதிக்கரையில் அவரும் தோழர்களும் 1818-இல் நிறுவிய கல்லூரியைப் பார்த்திருக்கக்கூடும். கேரி செல்வர் அல்லர். 1761-இல் இங்கிலாந்தின் நார்த்தாம்டன்ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். செருப்புத் தைக்கும் தொழில் கற்றார். தொழிலுக்கிடையே லத்தீன், கிரேக்கம், எபிரேயம் முதலிய மொழிகளைப் பெரும்பாலும் தம் முயற்சியாலேயே பயின்றார். உலகப் படம் ஒன்றை வரைந்து சுவரில் மாட்டி, ஒவ்வொரு நாட்டின் மக்கள் தொகையையும் சமயத்தையும் அதில் குறித்து வந்தார். பின்னர் ஒரு சிறு பாப்டிஸ்ட் திருச்சபைக்குப் போதகரானார். அவ்வருவாய் போதாமையால் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். தைக்கும் தொழிலையும் விடவில்லை.

1792-இல் அவர் வெளியிட்ட நூல் ஒன்று, அயல்நாட்டில் சமயத் தொண்டு செய்வது கிறிஸ்தவர்களின் கடமை என்பதை ஆராய்வது. நாடுகளின் பரப்பும் மக்கள் தொகையும் கொண்ட அட்டவணைகளே அதில் பல பக்கங்கள். செலவுக்கு வழி சொல்லும் பகுதி இன்றைக்கும் படிக்கத் தக்கது. பெருஞ்செல்வர்களை மட்டும் நம்பி அவர் எழுதவில்லை. சபையிலுள்ள ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னியோ, இயன்றவர் அதற்கு மேலோ கொடுத்தால் போதும் என்கிறார். அக்காலத்தில் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பால் விளைந்த சர்க்கரையை வாங்குவதில்லை என்று பல இங்கிலாந்துக் குடும்பங்கள் விரதம் பூண்டிருந்தன. அதனால் ஒரு குடும்பத்துக்கு வாரம் ஆறு பென்ஸ் முதல் ஒரு ஷில்லிங் வரை மிச்சமாகிறது. அதில் ஒரு பகுதியைத் தந்தாலே செலவுக்குப் போதுமானது கிடைக்கும் என்று கணக்கிட்டுக் காட்டுகிறார். உள்ளூர்ச் சமையலறையின் செலவைக் கடலுக்கு அப்பாலுள்ள தொண்டோடு பிணைத்த கணக்கு அது. செல்பவர்கள் உழுபடைகள், மீன்பிடிக் கருவிகள் முதலியவற்றையும் உடன்கொண்டு சென்று, இயன்றவரை தம் உணவைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும் என்றும், ஓரிரண்டு ஆண்டில் அந்நாட்டு மொழியைக் கற்றுக்கொள்ளலாம் என்றும் அவர் எழுதினார்.

அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள் கெட்டரிங் என்னும் சிற்றூரில், ஒரு கைம்பெண்ணின் இல்லத்தில், சில போதகர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். அன்று அவர்கள் தருவதாக ஒப்புக்கொண்ட தொகை 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ். ஒரு கண்டத்தின் மீது கண்வைத்தவர்களுக்கு இது நகைப்புக்கிடமான தொகைதான். ஆனால் அச்சில திங்களிலேயே பர்மிங்காமிலிருந்து சாமுவேல் பியர்ஸ் என்பவர் தம் சபையாரிடம் எழுபது பவுன் திரட்டிக் கொணர்ந்தார். சங்கத்தின் செயலாளர் பொறுப்பை ஆண்ட்ரு ஃபுல்லர் ஏற்றார். கேரி செல்வதென்று முடிவானபொழுது எழுந்த பேச்சைப் பிற்காலத்தில் ஃபுல்லர் நினைவுகூர்ந்தார். ஆழம் அறியாத சுரங்கம் ஒன்றில் இறங்க ஒருவர் முன்வந்தது போலவும், தாம் இறங்குவதாயின் மேலே நிற்பவர்கள் கயிற்றை விடாது பிடித்திருக்க வேண்டும் என்று அவர் உறுதி கேட்டது போலவும் அது இருந்தது என்றார். அன்று கொடுத்த வாக்குக்கு ஃபுல்லர் 1815-இல் இறக்கும் வரை, இருபத்திரண்டு ஆண்டுக்கு மேல், கட்டுப்பட்டிருந்தார்.

கயிற்றைப் பிடிப்பது எளிய வேலை என்று எண்ணிவிட வேண்டா. தம் சபைப் பணியை விடாமலே ஃபுல்லர் இங்கிலாந்தெங்கும் சுற்றினார். ஸ்காட்லாந்துக்கு ஐந்து முறை பயணம் செய்தார். லண்டனில் வீடு வீடாகச் சென்று வெறுங்கையோடு திரும்பிய நாட்களில், பெருந்தெருவை விட்டு விலகி, எவரும் காணாத சந்துகளில் நின்று கண்ணீர் விட்டார் என்று அவர் வரலாற்றில் காண்கிறோம். கேரியின் பெயரை அறிந்தவர் பலர். அவருக்காகத் தெருவில் நின்று அழுதவரை அறிந்தவர் சிலரே.

புறப்பாட்டிலும் துயரம் கலந்திருந்தது. கேரியின் மனைவி டாரதி வர மறுத்தார். தம் ஊரைத் தவிர வேறு அறியாத பெண்; எழுதப் படிக்க அறியாதவராகவே மணம் புரிந்தவர்; அப்பொழுது கருவுற்றிருந்தார். மூத்த மகனை மட்டும் அழைத்துக்கொண்டு கேரி கப்பல் ஏறினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதிச் சீட்டு இல்லாமையால் அவர்களைக் கப்பல் தலைவர் வழியிலேயே இறக்கிவிட்டார். அந்தத் தாமதத்தில் குழந்தையும் பிறந்தது. தங்கை உடன் வருவதாயின் தாமும் வருவதாக டாரதி இசைந்தார். 1793 ஜூன் 13-இல் டென்மார்க் நாட்டுக் கப்பல் ஒன்றில் ஏறிய குடும்பம் ஐந்து மாதம் கழித்து நவம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தது.

வந்த பின் நிகழ்ந்தவற்றைப் படிப்போர் மனம் கனக்கும். கொண்டுவந்த முதல் விரைவில் கரைந்தது. ஓராண்டுக்கு மேலாகியும் தாயகத்திலிருந்து ஒரு கடிதமும் வந்து சேரவில்லை. 1794-இல் ஐந்து வயது மகன் பீட்டர் நோயுற்று இறந்தான். அதன் பின் டாரதிக்குச் சித்தம் கலங்கியது; அது தெளியாமலே 1807-இல் அவர் மறைந்தார். கேரியின் புகழை எழுதுவோர் இவ்வம்மையாரை ஒரு வரியில் கடந்துவிடுவதுண்டு. அது நீதியாகாது. ஆயத்தம் என்பது செல்ல விரும்பும் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. உடன் செல்லும் ஒவ்வொருவருக்கும் உரியது. அழைப்பு ஒருவருடையதாயிருக்க, அதன் விலையைக் குடும்பம் முழுதும் கொடுத்தது. பிழைப்புக்காக வட இந்திய நகரங்களுக்கு வந்து, மொழியறியாது நான்கு சுவருக்குள் நாட்களைக் கழித்த நம் தாய்மாரை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

வறுமையிலிருந்து மீள, மால்டாப் பகுதியில் உள்ள முத்னாபாட்டியில் அவுரிச் சாயத் தொழிற்சாலை ஒன்றின் மேலாளர் வேலையைக் கேரி ஏற்றார். மாதச் சம்பளம் 200 ரூபாய். உடனே அவர் இங்கிலாந்துக்கு எழுதியது என்ன? இனித் தமக்குப் பணம் வேண்டியதில்லை, அதனை வேறொரு நாட்டுத் தொண்டுக்குச் செலவிடுக என்பதே. ஆனால் இவர் வணிகத்தில் மூழ்கிவிடுவாரோ என்று அங்குள்ளோர் அஞ்சி எச்சரித்து எழுதினர். அது அவர் உள்ளத்தைப் புண்படுத்தியது. அன்பால் பிடித்த கயிறும் சில வேளைகளில் இறுக்கிவிடும் என்பதை இங்குக் காண்கிறோம்.

இன்னொன்று கருதத் தக்கது. கேரி வந்து ஏழாண்டு வரை வங்காளிகளுள் ஒருவரும் அவருடைய சமயத்தைத் தழுவவில்லை. கிருஷ்ண பால் என்னும் தச்சர் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர் 28-இல்தான். அத்தனை ஆண்டும் தம் முயற்சி பலிக்கவில்லை என்றே அவர் எழுத நேர்ந்தது. பணம் வரவேண்டும் என்பதற்காகப் பொய்ப்பூச்சுப் பூசி எழுதவில்லை. அந்தக் கடிதங்களை வைத்துக்கொண்டே ஃபுல்லர் நிதி திரட்டினார். ஆதரிப்போர்க்குப் படும் முதற்கடன் வெற்றியைக் காட்டுவதா, உண்மையைச் சொல்வதா என்ற வினாவுக்கு இதனினும் தெளிவான விடை வேண்டுமோ?

1800-இல் டென்மார்க்கின் ஆட்சியிலிருந்த செராம்பூரில் மார்ஷ்மன், வார்டு ஆகிய தோழர்களுடன் கேரி சேர்ந்தார். கேரி கோட்டை வில்லியம் கல்லூரியில் கற்பித்துப் பெற்ற சம்பளம், மார்ஷ்மன் தம்பதியர் நடத்திய பள்ளியின் வருவாய், வார்டின் அச்சகம் ஈட்டியது ஆகிய அனைத்தும் பொதுநிதியில் சேர்ந்தன. தமக்கென அவர்கள் எடுத்துக்கொண்டது சிறு தொகையே. 1812 மார்ச் 11-இல் அச்சகம் தீக்கிரையாயிற்று. இழப்பு சுமார் பத்தாயிரம் பவுன். செய்தி இங்கிலாந்தை அடைந்த இரண்டு மாதத்துக்குள் அங்குள்ளோர் அத்தொகையைத் திரட்டிவிட்டனர். பதின்மூன்று பவுனில் தொடங்கிய கூட்டம் இருபதாண்டில் இந்நிலையை எய்தியது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இனிதாயிருக்கும். ஃபுல்லர் மறைந்த பின் லண்டனில் புதியவர்கள் பொறுப்புக்கு வந்தனர். அவர்களுக்குக் கேரி ஏட்டில் கண்ட ஒரு பெயர். கேரிக்கு அவர்கள் முகமறியாத அதிகாரிகள். செராம்பூர்ச் சொத்துக்கள் எவருக்கு உரியவை, நிர்வாகம் எவர் கையில் என்ற வழக்கு எழுந்து, 1827-இல் இரு தரப்பாரும் பிரிந்தனர். மீண்டும் கூடியது 1837-இல். அதற்கு மூன்றாண்டுக்கு முன்பே, ஒருமுறையேனும் தாயகம் திரும்பாமல், கேரி செராம்பூரில் கண்மூடிவிட்டார். பணம் கொடுப்போர் அன்றும் இருந்தனர். ஒருவரையொருவர் அறிந்து பேசியவர்கள் இல்லாதொழிந்தனர். கயிறு நைந்தது அதனால்தான்.

இனி, நம்மவர் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் 1903-இல் இந்திய மிஷனரி சங்கத்தைப் பாளையங்கோட்டையில் நிறுவினர். அயல்நாட்டுப் பணத்தில் வளர்ந்த சபையார் தாமே பணம் திரட்டித் தம்முள் ஒருவரை அனுப்புவது என்பது அன்று புதுமை. இந்திய ஆட்களும் இந்தியப் பணமும் இந்திய நிர்வாகமும் கொண்டு நடத்துவதே அவர்கள் கொள்கை. அதன் தூணாக நின்ற வே. சா. அசரியா, ஹைதராபாத் நிஜாம் ஆட்சிக்குட்பட்டிருந்த தோர்ணக்கல்லுக்குத் தாமே சென்று, தெலுங்கு பயின்று தொண்டாற்றினார். 1912-இல் கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றவர் அவரே. தமிழருக்குத் தெலுங்கு நாடு கடல் கடந்ததன்று. ஆயினும் மொழியும் உணவும் வேறுபட்ட இடத்தில் ஊரார் பணத்தால் வாழ்வதாகிய சோதனை ஒன்றே.

மிசோரம் சபையார் வழக்கமும் குறிப்பிடத் தக்கது. சமைக்கும் வேளையில் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, அதனைச் சேர்த்து விற்று ஊழியர்களை ஆதரிக்கும் முறையை அவர்கள் 1910 முதல் கடைப்பிடித்து வருகின்றனர். பிடியரிசித் தருமம் நம் வீடுகளுக்கும் புதியதன்றே!

இன்றும் பல சங்கங்கள், செல்ல விரும்புவோர் தம் மாதச் செலவுக்கான வாக்குறுதிகளைத் தாமே திரட்டிய பின்னரே பயணத்துக்கு இசைகின்றன. அவ்வாறு திரட்ட முற்படும் இளைஞர் நம் குடும்பங்களில் இருப்பின், சில சொற்கள். முதலில் கணக்கைச் செம்மையாக எழுதுக. பயணச் செலவும் வீட்டு வாடகையும் மட்டும் போதா. மொழி கற்கும் காலம், மருத்துவம், பிள்ளைகளின் கல்வி, திரும்பி வரும் பயணம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்க. ஒருவரிடம் பெருந்தொகை பெறுவதைவிடப் பலரிடம் சிறுதொகை பெறுவது நன்று. ஒருவர் நின்றாலும் தொண்டு நில்லாது. கேட்கும்பொழுது நாணவும் வேண்டா, நச்சரிக்கவும் வேண்டா. இல்லை என்றவரையும் நட்பினின்று நீக்காதீர். மனைவியோ கணவரோ மனமார இசையாவிடில் புறப்பாட்டைத் தள்ளி வையுங்கள். சென்ற பின் காலந்தவறாது கணக்கும் கடிதமும் அனுப்புங்கள். பலிக்காத முயற்சியையும் மறையாது எழுதுங்கள்.

கொடுப்போர்க்கும் கடமை உண்டு. பணம் அனுப்பிவிட்டோம் என்று கை கழுவலாகாது. வந்த கடிதத்துக்கு மறுமொழி எழுத வேண்டும். அங்கே குழந்தை நோயுற்றதா, குடும்பத்தலைவி தனிமையில் வாடுகிறாரா என்று கேட்க வேண்டும். பணம் தருகிறோம் என்பதற்காக அவர் வாழ்வை நாம் ஆள முற்படலாகாது.

அன்பர்களே, நாம் இவ்வூர்களுக்கு வந்த நாளில் நமக்காகவும் எவரோ கயிற்றைப் பிடித்திருந்தனர். கைவளையைக் கழற்றித் தந்த தாய், கடன் வாங்கித் தந்த அண்ணன், முதல் மாதம் தம் வீட்டில் இடம் தந்த ஊர்க்காரர் என்று ஒவ்வொருவர் நினைவிலும் ஒருவர் இருப்பார். அவர்களுள் இன்னும் இருப்பவர்க்கு, இம்மாதத் தொகையோடு நான்கு வரிக் கடிதமும் சேர்த்து அனுப்புங்கள். பணம் வந்ததை விட அக்கடிதம் வந்ததையே அவர்கள் பத்து பேரிடம் சொல்லி மகிழ்வார்கள்.